கட்டை கிடந்தால் உடுக்கு கிடக்கிறது

உடுக்கு என்ற சொல்லைக் கேட்டதும் எமது வாசகர்களுள் மூத்தவர்களுக்கு ஓர் இரவு ஞாபகத்துக்கு வரும். சூடடித்து நெல் வீடு சேர்ந்துவிட்ட காலம். அம்மன் கோயில் முன்றலில் பெற்றோல்மாக்ஸ் வெளிச்சம். ஊர்ச்சனம் பாயும் தலையணையுமாக வந்திருந்து காத்தவராயன் கூத்துப் பார்க்கும். விடியும்வரை ஒரு சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டேயிருக்கும். கைக்குள் அடங்கும் வாத்தியந்தான். ஆனால் அது அதட்டும், கெஞ்சும், அழும்.

இந்தச் சிறிய வாத்தியம் எந்தெந்த உறுப்புகளால் ஆனது, ஒவ்வோர் உறுப்பும் என்ன வேலை செய்கிறது, எது பழுதானால் எதை மாற்றலாம் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்குகிறோம். இதை எழுதத் தூண்டியது ஒரு வீட்டில் நாம் கண்ட காட்சி.

விதை வைத்திருந்த உடுக்கு

அந்தக் குடும்பம் 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய கமக்காரக் குடும்பம். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே இடம்பெயர்ந்தபோது தென்மராட்சிக்குப் போனார்கள். 1996 இல் கிளாலிக் கடல் கடந்து வன்னிக்கு வந்தார்கள். 2008 இல் அந்த வீட்டையும் விட்டு ஓடவேண்டி வந்தது. முகாமிலிருந்து 2010 இல் வன்னிக் காணிக்குத் திரும்பினார்கள். பிறந்த ஊர்க் காணிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

பயற்றை விதை பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்கார அம்மா வளையில் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு பொருளை இறக்கி அவிழ்த்தார். இரு வாயும் சீலைத் துண்டால் கட்டிய, இடை ஒடுங்கிய மரக் குடுவை. அதற்குள் சாம்பல் கலந்த பயற்றை விதை.

“இது உடுக்கல்லவா?” என்று கேட்டோம்.

“மாமாவின்ரை உடுக்கு ஐயா. அவர் காத்தான் கூத்துக்கு அடிச்சவர். எழும்பிப் போகேக்கை வெண்கலப் பானைக்குள்ளை வைச்சுக் கிணத்தடியிலை தாட்டுப்போட்டுப் போனம். வந்து கிண்டிப் பாத்தால் தோலும் கயிறும் உக்கிப்போச்சு. உடுக்குப் போச்சு, கட்டை மட்டுந்தான் மிச்சம். சும்மா கிடக்கிறதுக்கு விதையாவது வைப்பம் எண்டுதான்.”

எம்மோடு அயலிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் அந்தக் கட்டையை வாங்கினார். விரலால் வாயோரத்தைத் தடவினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். பிறகு சொன்னார்: “பிள்ளை, கட்டை கிடந்தால் உடுக்குக் கிடக்குது. மிச்சமெல்லாம் கட்டுறதுதானே.”

அந்தப் பெரியவரும் அவ்வீட்டுப் பதினாறு வயதுப் பேரனும் சேர்ந்து அடுத்த நாட்களில் அந்த உடுக்கைக் கட்டி எடுத்தார்கள். நாமும் கூட இருந்து பார்த்தோம். கீழே வரும் விளக்கத்தின் பெரும்பகுதி அங்கே பார்த்தும் கேட்டும் அறிந்தது.

உடுக்கு எங்கே நிற்கிறது?

உறுப்புகளைப் பார்க்குமுன் இந்த வாத்தியத்தின் பழமையைச் சுருக்கமாக அறிவோம்.

பழந்தமிழ் நூல்களில் இதையொத்த இடை சுருங்கிய பறை ‘துடி’ எனப்படுகிறது. ஐந்து நிலங்களுள் பாலை நிலத்துக்கு உரிய பறை துடியே. அதை அடிப்பவர் ‘துடியன்’ எனப்பட்டார். ஒடுங்கிய இடையைத் ‘துடியிடை’ என்று புலவர்கள் சொன்னது இதன் வடிவத்தைப் பார்த்துத்தான். நடராசர் திருவுருவத்தில் மேல் வலக்கையில் இருப்பதும் இவ்வடிவப் பறையே. சைவர்கள் அதைப் படைத்தல் தொழிலின் அடையாளமாகக் கொள்வர்.

எமது நாட்டில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் காத்தவராயன் கூத்துக்கு உடுக்கு முக்கியமான வாத்தியம். மட்டக்களப்புப் பகுதியில் வைகாசி மாதக் கண்ணகி அம்மன் சடங்குகளில் உடுக்கடித்துக் காவியமும் குளிர்த்திப் பாடலும் பாடுவர். சிங்கள மக்களிடம் இதே குடும்பத்தைச் சேர்ந்த ‘உடெக்கிய’ உண்டு. கண்டிய நடனத்தில் ஆடுபவரே அதைக் கையில் பிடித்து அடித்துக்கொண்டு பாடுவார். அதன் கட்டைக்கு அரக்குப் பூசி நிறந்தீட்டுவது வழக்கம். தமிழ்நாட்டில் கொங்குப் பகுதியில் அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாட்டாகவே இரவிரவாகப் பாடுகிறார்கள்.

உடுக்கையும் குடுகுடுப்பையையும் சிலர் ஒன்றென்று நினைப்பதுண்டு. வடிவம் ஒன்றுதான், வேலை வேறு. குடுகுடுப்பையின் இடையிலிருந்து முடிச்சுப் போட்ட கயிறு தொங்கும். கையைத் திருப்பத் திருப்ப அந்த முடிச்சுகள் தோலில் மோதி ஒலி எழும். உடுக்கில் அப்படி இல்லை. ஒரு கை அடிக்கும், மறு கை கயிற்றை நெரிக்கும். இந்த நெரிப்பில்தான் உடுக்கின் உயிர் இருக்கிறது.

ஆறு உறுப்புகள்

உடுக்கைப் பிரித்து வைத்தால் ஆறு வகை உறுப்புகளைக் காணலாம். இவற்றின் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறுபடும். எல்லோருக்கும் விளங்கக்கூடிய பெயர்களையே இங்கு தருகிறோம்.

1. கட்டை

இதுவே உடுக்கின் உடல். இரண்டு கிண்ணங்களை அடியோடு அடி பொருத்தியது போன்ற தோற்றம். நீளம் பெரும்பாலும் ஒரு சாண் முதல் ஓர் அடி வரை இருக்கும். மரம், பித்தளை, சுட்ட மண் ஆகிய மூன்றிலும் உடுக்குச் செய்வதுண்டு. எமது பகுதிகளில் மரமே அதிகம். சிங்களக் கைவினைஞர் உடெக்கியவுக்குக் கொன்றை, பூவரசு போன்ற மரங்களைத் தெரிவு செய்வர். பலா, தோல் வாத்தியங்களுக்கென்றே பெயர்பெற்ற மரம்.

கட்டை ஒரு வாயிலிருந்து மறு வாய் வரை ஊடே துளைக்கப்பட்டிருக்கும். இடையிலுள்ள துளை அடைபடக் கூடாது. ஒரு பக்கத் தோலை அடிக்கும்போது உள்ளிருக்கும் காற்று அந்தத் துளை வழியே தள்ளப்பட்டு மறுபக்கத் தோலையும் அதிரச் செய்கிறது. துளை அடைபட்டால் உடுக்குப் பாதிக் குரலை இழந்துவிடும். அந்த வீட்டுக் கட்டையின் இடைத்துளையில் நாலைந்து பயற்றை விதைகளும் கறையான் மண்ணும் இறுகிக் கிடந்தன. பெரியவர் முதலில் ஈர்க்கால் அதைத்தான் குத்தி எடுத்தார்.

வாயோரம் இன்னொரு முக்கிய இடம். தோல் படிவது அங்கேதான். ஓரம் சமமாகவும் வழுவழுப்பாகவும் இருக்க வேண்டும். மேடு பள்ளம் இருந்தால் தோல் இரையும். கூர் இருந்தால் தோல் வெட்டுப்படும்.

2. தோல்

இரண்டு முகங்களுக்கும் மெல்லிய தோல் வேண்டும். ஆட்டுக்குட்டித் தோல் பொதுவானது. ஆட்டின் வயிற்றுச் சவ்வைப் பயன்படுத்துவோரும் உண்டு. முன்னைய காலத்தில் உடும்புத் தோலையும் பயன்படுத்தினர். இன்று உடும்பு சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி. அதைக் கொல்வது குற்றம். ஆட்டுத்தோலே எமக்குப் போதும்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. செருப்பும் பையும் செய்கின்ற பதனிட்ட தோலை வாங்கிக் கட்டிப் பார்த்துவிட்டு, “சத்தம் வரவில்லை” என்று கைவிடுகிறார்கள். பதனிட்ட தோல் மெதுமையானது, இழுத்தால் இழுபடும். வாத்தியத்துக்கு வேண்டியது பதனிடாத பச்சைத்தோல். மயிரும் சதையும் நீக்கி, இழுத்துக் காயவைத்த தோல். அது காய்ந்தால் தகடுபோல் விறைக்கும்.

3. வளையம்

தோல் நேரடியாகக் கட்டையில் ஒட்டப்படுவதில்லை. ஒரு வளையத்தில் சுற்றித் தைத்து, அந்த வளையத்தை வாயில் பொருத்துகிறார்கள். பிரம்பு, மூங்கில், கம்பி ஆகியவற்றில் வளையம் செய்யலாம். வளையம் கட்டையின் வாயைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும், சுற்றிவர ஒரு சிறுவிரல் இடைவெளி விட்டால் நல்லது. வாயளவிலேயே வளையம் செய்தால் அது கட்டையோடு இறுகிவிடும். பின் தோலை இறக்கவும் முடியாது, ஏற்றவும் முடியாது.

வளையம் முட்டையுருவாகக் கோணிப் போனால் தோலின் இழுவை ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறையும். எவ்வளவுதான் கயிற்றை இறுக்கினாலும் அந்த உடுக்குச் சரியாகப் பேசாது.

4. இழுகயிறு

இரு வளையங்களையும் ஒன்றோடொன்று இழுத்துப் பிடிப்பது இந்தக் கயிறு. தோலோரத்தில் சம தூரத்தில் துளைகள் இருக்கும். சப்பாத்துக்கு நாடா கோர்ப்பது போல, மேல் வளையத்தில் ஒரு துளை, கீழ் வளையத்தில் ஒரு துளை என்று மாறி மாறிக் கோர்த்துச் சுற்றி வருவார்கள். உடுக்குக்கு முறுக்கிய பருத்திக் கயிறு உகந்தது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

5. இடைக்கச்சு

கட்டையின் ஒடுங்கிய இடையில், இழுகயிறுகளுக்கு மேலாகச் சுற்றிவரும் சீலைப் பட்டி அல்லது கயிறு இது. அடிப்பவரின் கை பிடிப்பது இதைத்தான். கயிறுகள் எல்லாவற்றையும் ஒருசேர அணைத்து வைத்திருப்பதால், கையை நெரிக்கும்போது எல்லாக் கயிறுகளும் ஒரே அளவில் உள்நோக்கிப் போகும். கச்சு இல்லாவிட்டால் விரல் பட்ட கயிறு மட்டும் அமுங்கும், மற்றவை சும்மா இருக்கும்.

6. அதிர்நூல்

சில உடுக்குகளில் அடிக்காத முகத்தின் குறுக்கே ஒரு மெல்லிய நூல் அல்லது மயிரிழை இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். தோல் அதிரும்போது இந்த இழை அதன்மேல் துள்ளித் துள்ளிப் படும். அதனால் குரலோடு ஒரு சிறு இரைச்சல் சேர்ந்து வரும். தூரத்தில் இருப்பவருக்கும் உடுக்கின் குரல் தெளிவாகக் கேட்க இது உதவுகிறது. இழை தொய்ந்தால் கரகரக்கும். மிக இறுகினால் தோலின் குரலை அமுக்கிவிடும்.

இடை ஏன் ஒடுங்கியிருக்கிறது?

அழகுக்காக என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கையால் பிடிக்க வசதி என்பது இரண்டாவது காரணம். மூன்றாவது காரணமே முக்கியமானது.

நேரான குழாய் ஒன்றில் இதேபோலத் தோலும் கயிறும் கட்டினால் கயிறுகள் குழாயின் உடம்போடு ஒட்டிக் கிடக்கும். அவற்றை உள்ளே தள்ள இடமில்லை. இடை ஒடுங்கியிருக்கும்போது கயிற்றுக்கும் கட்டைக்கும் நடுவே வெற்றிடம் உண்டாகிறது. கை நெரிக்க, கயிறு அந்த வெற்றிடத்துள் வளைகிறது. நேராகப் போன கயிறு வளைந்து போவதற்குக் கூடுதல் நீளம் வேண்டும். கயிறு நீளாது. ஆகவே அது இரு வளையங்களையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கிறது. வளையம் இழுபட, தோல் இறுகுகிறது. தோல் இறுக, குரல் உயர்கிறது. கையைத் தளர்த்தியதும் தோல் தளர்ந்து குரல் இறங்குகிறது.

மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் கச்சேரி தொடங்குமுன்னர் சுருதி கூட்டுவார்கள். உடுக்குக்கோ ஒவ்வோர் அடியிலும் கை சுருதியை மாற்றுகிறது. அடித்தவுடன் நெரித்துத் தளர்த்தினால் குரல் வழுக்கிக்கொண்டு இறங்கும், ஒருவர் விம்மி அழுவதுபோல இருக்கும். கூத்தில் துயரமான இடம் வரும்போது உடுக்கு அழுகிறது என்று சொல்வது இதைத்தான். கேரளத்தின் இடக்கையும், யப்பானில் தோளில் வைத்து அடிக்கும் சிறு பறையும், மேற்கு ஆபிரிக்க மக்கள் கக்கத்தில் வைத்து அடிக்கும் ‘பேசும் பறை’யும் இதே முறையில்தான் இயங்குகின்றன.

இப்போது பருத்திக் கயிற்றுக்கு வருவோம். கடைகளில் எளிதில் கிடைப்பது நைலோன் கயிறு. அது உறுதியானதுதான். ஆனால் இழுத்தால் சற்று நீளும். கை கொடுக்கும் நெரிப்பைத் தோலுக்குக் கொண்டுபோகாமல் கயிறே விழுங்கிவிடும். உடுக்கு ஒரே குரலில் “டப், டப்” என்று நிற்கும். பேரன் முதலில் கொண்டுவந்ததும் நைலோன்தான். பெரியவர் சிரித்துக்கொண்டு, “தம்பி, இது மாடு கட்டிற கயிறு. உடுக்குக்கு இழுபடாத கயிறு வேணும்” என்றார்.

பருத்திக் கயிறும் புதிதாக இருக்கும்போது கொஞ்சம் நீளும். ஆகவே கயிற்றின் ஒரு நுனியை மரக்கொம்பில் கட்டி, மறு நுனியில் தண்ணீர் நிறைந்த வாளியை ஓரிரவு தொங்கவிட்டார்கள். காலையில் கயிறு நீள வேண்டியதெல்லாம் நீண்டிருந்தது.

மீண்டும் கட்டும் முறை

அவர்கள் செய்த ஒழுங்கிலேயே தருகிறோம்.

கட்டையைத் தயார் செய்தல்: ஈரச்சீலையால் துடைத்து நிழலில் காயவிட வேண்டும். வெடிப்பு இருந்தால் மரத்தூளைத் தச்சர் பாவிக்கும் பசையில் குழைத்து அடைக்கலாம். வாயோரத்தை அரத்தாளால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். கட்டையின் வெளிப்புறத்துக்கு வேப்பெண்ணெய் பூசினால் பூச்சி அரிக்காது. வாயோரத்தில் எண்ணெய் படக்கூடாது.

தோலைத் தயார் செய்தல்: உரித்த தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, சுண்ணாம்பு பூசி மயிரை இளக்க வேண்டும். மயிரையும் சதையையும் மழுங்கிய கத்தியால் வழிக்க வேண்டும். பின்னர் பல தண்ணீரில் அலச வேண்டும். சுண்ணாம்பு தங்கினால் தோல் பலம் குன்றும். உப்பிட்டு வைத்திருந்த தோலானால் உப்புப் போகும்வரை அலசுவது அவசியம். உப்புத் தங்கிய தோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு எப்போதும் தொய்ந்தே இருக்கும். சுண்ணாம்பு கையிலும் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை இந்த வேலைக்கு விட வேண்டாம்.

வெட்டுதல்: தோலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒரே தடிப்புள்ள, கத்திக் கீறல் இல்லாத இடத்தைத் தெரிய வேண்டும். உரிக்கும்போது பட்ட சிறு கீறலும் இறுக்கும்போது கிழிசலாக மாறும். வளையத்தைவிடச் சுற்றிவர இரண்டு அங்குலம் கூட்டி வட்டமாக வெட்டுங்கள்.

வளையத்தில் தைத்தல்: தோல் ஈரமாக இருக்கும்போதே வளையத்தின்மேல் மடித்து, தடித்த நூலால் சுற்றிவரத் தைக்க வேண்டும். சுருக்கம் முகத்துக்கு வராமல் மடிப்புக்குள் போக வேண்டும்.

துளையிட்டுக் கோர்த்தல்: வளையத்துக்கு உட்புறமாக ஆறு அல்லது எட்டுத் துளைகளைச் சம தூரத்தில் இடுங்கள். மேல் வளையத்துத் துளை, கீழ் வளையத்து இரு துளைகளுக்கு நடுவே வருமாறு திருப்பிக்கொண்டு கயிற்றைக் கோர்க்க வேண்டும்.

இறுக்குதல்: பொறுமை வேண்டிய இடம் இது. ஈரத்தோலை முழு இறுக்கமாகக் கட்டக்கூடாது. காயும்போது தோல் சுருங்கும். ஏற்கெனவே முழுதும் இறுகியிருந்தால் அது போக வழியின்றிக் கிழியும். கை இறுக்கத்தில் கட்டி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் ஒன்றிரண்டு நாள் விடவேண்டும். காய்ந்த பின்னர் கயிற்றை மீண்டும் இறுக்கலாம். ஒரு பக்கத்தை இறுக்கினால் அடுத்ததாக அதற்கு நேரெதிர்ப் பக்கத்தை இறுக்குங்கள். ஒவ்வொரு துளையருகிலும் விரலால் தட்டிப் பார்த்தால் எங்கே இழுவை குறைவென்று காது சொல்லும்.

கச்சுக் கட்டுதல்: கடைசி வேலை இது. கை உள்ளே நுழைந்து பிடிக்கத்தக்க தளர்வு இருக்க வேண்டும்.

ஆட்டுத்தோல் கிடைக்கும்வரை பிள்ளைகள் பழகுவதற்குத் தடித்த பிளாஸ்ரிக் தாளையும் இம்முறையில் பூட்டலாம். அது மழைக்குத் தொய்யாது. தோலின் குரல் அதில் வராது. ஆனாலும் கை பழகும்.

காலநிலையும் பராமரிப்பும்

பயிரைப் போலவே உடுக்கும் காற்றைக் கண்டு மாறும். மாரியில், வாடைக்காற்றோடு ஈரம் கூடும்போது தோல் ஈரத்தைக் குடித்துத் தொய்யும். சோளகக் காற்று வறட்டும்போது தோல் சுருங்கி இறுகும். மாரியில் தொய்ந்ததே என்று கயிற்றை முழுதும் இறுக்கிவிட்டு, அப்படியே சோளகத்துக்கும் விட்டால் ஒருநாள் நடுப்பகலில் தோல் தானாகவே வெடிக்கும். பல உடுக்குகள் அடிபடாமலே உடைவது இப்படித்தான்.

பின்வருவனவற்றை நினைவில் வைத்திருங்கள்:

- அடித்து முடிந்ததும் கயிற்றைச் சற்றுத் தளர்த்தி வையுங்கள்.
- தோல் தொய்ந்திருந்தால் தணலுக்குத் தூரத்தில் பிடித்து மெதுவாகச் சூடு காட்டுங்கள். உங்கள் கை பொறுக்கும் சூட்டைத்தான் தோலும் பொறுக்கும்.
- தகரக் கூரைக்கும் தறப்பாளுக்கும் நேர்கீழே தொங்கவிட வேண்டாம். பகலில் அங்கே சூடு மிக அதிகம்.
- எலி தோலைத் தேடி வரும். சீலைப்பையில் வேப்பிலை போட்டுக் கட்டி, எலி ஏறாத கயிற்றில் தொங்கவிடுங்கள்.
- பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வைக்காதீர்கள். உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.
- திடீரென எழும்ப வேண்டி வந்தால், தோலோடு தூக்க முடியாவிட்டால், கயிற்றை வெட்டிக் கட்டையை மட்டுமாவது எடுங்கள்.

கடைசியாகச் சொன்னதை எழுதும்போது எமக்கு மனம் கனத்தது. எனினும் பல தடவை எழும்பிப் போன குடும்பங்களுக்கு அது வேண்டாத புத்திமதி அல்ல என்பதை அறிவோம். தோல் ஓர் ஆட்டிலிருந்து மீண்டும் கிடைக்கும். கயிறு சந்தையில் கிடைக்கும். வளையத்துக்குப் பிரம்பு கிடைக்கும். பேரனார் காலத்தில் கடைந்து, அவர் கைபட்டு இடை தேய்ந்த கட்டை திரும்பக் கிடைக்காது.

அதைவிடவும் பெரிய இழப்பு

இடப்பெயர்வில் எத்தனையோ உடுக்குகள் மண்ணுக்குள்ளும் கூரையோடும் போயிருக்கும். ஆனால் வாத்தியம் அழிவதைவிட, அதைக் கட்டத் தெரிந்த கை இல்லாமற் போவதே பெரிய இழப்பு. தோல் வேலை செய்வோரை எமது சமூகம் நெடுங்காலம் தாழ்வாகவே நடத்தியது. அவர்கள் கட்டிக் கொடுத்த வாத்தியம் கோயில் முன்றலில் முழங்கியது. கட்டிய கையை முன்றலுக்கு வெளியே நிறுத்தினோம். அந்த அவமானத்தைத் தம் பிள்ளைகளும் சுமக்க வேண்டாமென்று பலர் தொழிலைச் சொல்லிக் கொடுக்காமலே விட்டார்கள். அதில் அவர்களைக் குறைசொல்ல எமக்கு உரிமையில்லை. எமது பெரியவரும் ஒரு கட்டத்தில், “இதை முந்தி நாங்கள் ஆருக்கும் காட்டிக் குடுக்கிறேல்லை. கேட்டு வாறதுக்கும் ஆளில்லை” என்றார்.

எனவே வாசகர்களிடம் எமது வேண்டுகோள் இது. உங்கள் வீட்டு வளையிலோ பெட்டியிலோ இப்படி ஒரு கட்டை கிடந்தால் அதை விறகோடு சேர்க்காதீர்கள். அயலில் கட்டத் தெரிந்த முதியவர் ஒருவர் இருந்தால், ஒரு பிள்ளையை அவருக்குப் பக்கத்தில் இருத்துங்கள். அவர் சாதி என்ன, ஊர் எது என்று கேட்க வேண்டாம். வெற்றிலை வைத்துக் கேளுங்கள். அவர் செய்ததற்கு உரிய கூலியையும் மரியாதையையும் கொடுங்கள். பிள்ளை ஒருமுறை தன் கையால் கோர்த்து இறுக்கிவிட்டால், அந்த அறிவை எந்த இடப்பெயர்விலும் தலையில் சுமக்க வேண்டியதில்லை. அது கையோடு கூடவே வரும்.

மூன்றாம் நாள் பின்னேரம் அந்த உடுக்குக் கட்டி முடிந்தது. பெரியவர் இரண்டு விரலால் தட்டினார். முதலில் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. பேரன் முகம் வாடியது. அவர் அவசரப்படவில்லை. ஒரு பக்கக் கயிற்றைச் சற்று இறுக்கினார். இடைக்கச்சை நகர்த்தினார். மீண்டும் தட்டி, கையை நெரித்துத் தளர்த்தினார். குரல் எழுந்து வழுக்கிக்கொண்டு இறங்கியது.

அடுப்படியில் நின்ற அம்மா அகப்பையும் கையுமாக வெளியே வந்தார். “மாமா அடிக்கிற மாதிரிக் கிடக்கு” என்று மட்டும் சொன்னார்.

பெரியவர் உடுக்கைப் பேரனிடம் நீட்டினார். “இப்ப நீ முழுக்க அவிழ்” என்றார். பையன் திகைத்துப்போனான். “நான் கட்டினது எனக்கு. நீ கட்டினால்தான் உனக்கு. அவிட்டுப்போட்டு முதல்லையிருந்து கோர்.”

அன்றிரவு விளக்கு வெளிச்சத்தில் பையன் கயிற்றைக் கோர்த்துக்கொண்டிருந்தான். பயற்றை விதை ஒரு கண்ணாடிப் போத்தலுக்கு மாறியிருந்தது.